வட்டமேசையா, தனி அமைப்பா, ஒரே தலைமையா?

கொள்ளைநோய் பரவ ஆரம்பித்ததும் அரசுத் துறைகள், ஐ.நா. அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வகங்கள் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் களத்தில் இறங்கிவிடுவார்கள். இவர்களை யார் கட்டி மேய்ப்பது? நடைமுறையில் மூன்று வழிகள்தான்.

முதலாவது, எல்லாரும் சமமாக உட்கார்ந்து பேசுவது. 2005இல் ஐ.நா. கொண்டுவந்த கிளஸ்டர் முறை, அதாவது உதவி அமைப்புகளைத் துறைவாரியாகக் குழு சேர்ப்பது, ஏறக்குறைய இதுதான். சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனம், தண்ணீர் மற்றும் துப்புரவுக்கு யுனிசெஃப் என்று தலைமை உண்டு, ஆனால் அந்தத் தலைமை யாருக்கும் உத்தரவு போட முடியாது. பத்து அமைப்புகள் என்றால் சரி. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹெய்ட்டியில் நூற்றுக்கணக்கானவை வந்து குவிந்தன, கூட்டங்கள் காவல் போட்ட ஐ.நா. வளாகத்துக்குள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்ததால் பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிற உள்ளூர் அமைப்புகள் பல வெளியிலேயே நின்றன. ஊரை அறிந்தவர்கள் இல்லாத மேசையில் என்ன சமத்துவம்?

இரண்டாவது, ஒருங்கிணைப்புக்கென்றே புது அமைப்பு. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா கைமீறியபோது, 2014 செப்டம்பரில் அன்மீர் என்ற பெயரில் ஐ.நா. ஒன்றைத் தொடங்கியது. நோய் உச்சத்தில் இருந்தது கினி, லைபீரியா, சியரா லியோனில். தலைமையகமோ கானாவின் அக்ராவில். ஆள் எடுத்து, அலுவலகம் பிடித்து, யாருக்கு என்ன அதிகாரம் என்று பேசித் தீர்ப்பதற்குள் வாரங்கள் ஓடின. உதவி அமைப்புகளுக்குப் பழகிப்போன கிளஸ்டர் முறையையும் ஓரங்கட்டியதால் குழப்பம் கூடியதுதான் மிச்சம். நோய் முற்றாக ஓயுமுன்பே, 2015 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள்.

மூன்றாவது, அந்த நாட்டிலேயே ஒருவர் கையில் அதிகாரத்தைக் கொடுப்பது. 2014 அக்டோபரில் சியரா லியோன் எபோலாப் பணியைச் சுகாதார அமைச்சகத்திடமிருந்து எடுத்து, பாதுகாப்பு அமைச்சரின் கீழ் ஒரு தேசிய மையத்துக்கு மாற்றியது. அதுவும் புதிய மையம்தான், ஆனால் பின்னால் அரசும் ராணுவமும் இருந்தன, மாவட்டந்தோறும் கிளையும் இருந்தது. நோயாளியோ சடலமோ இருப்பதாக 117 என்ற அவசரத் தொலைபேசி எண்ணுக்கு அழைப்பு வந்தால் எந்த ஆம்புலன்ஸ், சடலத்தைப் புதைக்கும் எந்த அடக்கக் குழு போக வேண்டும் என்று மாவட்டத்திலேயே முடிவானது. குறையும் உண்டு: தனிமைப்படுத்திய வீடுகளுக்குச் சாப்பாடு நேரத்துக்குப் போகவில்லை என்றால் ஆட்கள் தப்பி ஓடத்தானே செய்வார்கள், அதைச் சீருடையால் சரிக்கட்ட முடியாது.

நோய் நாளுக்கு நாள் பெருகும்போது என் ஓட்டு மூன்றாவதற்கே, மாவட்ட அளவில் முடிவெடுக்கும் உரிமையோடு. வட்டமேசை நீண்டகால வேலைக்கு உதவும். 1988இல் தொடங்கிய போலியோ ஒழிப்புக் கூட்டணி, உலக சுகாதார நிறுவனம், ரோட்டரி, யுனிசெஃப் என்று பல பங்காளிகளோடு பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. பேசித் தீர்க்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

அப்புறம், பணம். நன்கொடை நாடுகள் தங்களுக்குப் பிடித்த தொண்டு நிறுவனத்துக்கு நேரடியாகக் காசு அனுப்பினால், தலைமை யாராக இருந்தாலும் அந்த நிறுவனம் கணக்குக் காட்டப்போவது காசு கொடுத்தவருக்குத்தான்.