பச்சை உடம்புக்கு எது முதலில்: கட்டா, நடையா, வீடியோவா, ஜிம்மா?

எனக்கு இரண்டு பிரசவம், முதலாவது சுகப்பிரசவம், இரண்டாவது சிசேரியன். முதல் குழந்தை பிறந்த 70-ஆவது நாள் மொபைலில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, கையை மேலே தூக்கிக் காலை அகட்டிக் குதிக்கிற ஜம்பிங் ஜாக்கை ஆரம்பித்தேன். ஐந்தாவது குதியில் நைட்டி நனைந்துவிட்டது. ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு நிற்பேன், பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நிறைய பேருக்கு வருவதுதான், ஆனால் அப்படியே சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அதனால் இரண்டாவது தடவை எந்த வழியைப் பார்த்தாலும் எத்தனை கிலோ குறையும் என்று கேட்கவில்லை, கீழே என்ன ஆகும் என்று மட்டும்தான் கேட்டேன்.

நம் வீடுகளில் முதலில் வருவது வயிற்றுக்கட்டு. பழைய நூல் புடவையைக் கிழித்து, "கட்டலேன்னா வயிறு தொங்கிடும்டி" என்று அம்மா இறுக்கிவிடுவார், இல்லையென்றால் மருந்துக்கடை பெல்ட். சிசேரியன் ஆனவர்களுக்கு எழும்போதும் இருமும்போதும் தையலுக்கு அது நல்ல தாங்கல், எனக்கு நிஜமாகவே வலி குறைந்தது. ஆனால் கட்டினால் கொழுப்பு கரையாது, தசைக்குப் பலமும் வராது. மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்துபோயிருக்கிற இடத்தில்தான் உட்காரும். முதல் சில வாரத்துக்கு, தளர்வாக, வலிக்காக மட்டும் என்றால் சரி.

நடைக்கு என் ஓட்டு. "பச்சை உடம்புக்காரி, 40 நாள் படி இறங்காதே" என்பார்கள். அதில் ஓய்வும் சாப்பாடும் அடக்கம், அந்த அளவில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் படுத்தே கிடப்பது வேறு. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம், சிசேரியன் ஆனவர்களைச் சீக்கிரமே எழுப்பி நடக்க வைப்பது அதற்காகவும்தான். வீட்டுக்குள் 5 நிமிடம், அப்புறம் வாசல், அப்புறம் மொட்டைமாடி. சிக்கலில்லாத சுகப்பிரசவம் என்றால் சில நாளிலேயே உடம்பு கேட்கிற அளவுக்கு மெதுவாக ஆரம்பிக்கலாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமே 2020-இல் சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு மெல்ல மெல்லப் போய்ச்சேர வேண்டிய இடம், முதல் வாரக் கணக்கு அல்ல. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம். நடந்துவிட்டு வந்த அன்று ரத்தப்போக்கு கூடினால் உடம்பு குறைக்கச் சொல்கிறது என்று அர்த்தம், இரண்டு நாள் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை போடச் சொல்கிறார்களே, அதை நிறுத்திவிட்டு நடையைக் கூட்டுவதில் பிரயோஜனமில்லை.

நடைக்குக் குறை ஒன்று உண்டு, இடுப்புத்தளத்தை அது தனியாகத் தேற்றாது. சிறுநீரையும் காற்றையும் அடக்குகிற, கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்குகிற தசைகள் அவை. அதற்கான பயிற்சியை 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் எழுதி வைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் கீகல் பயிற்சி என்கிறோம். மூச்சைப் பிடிக்காமல், காற்றையும் சிறுநீரையும் ஒன்றாக அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்து மேலே தூக்கி, சில விநாடி நிறுத்தி, முழுசாக விட வேண்டும். விடுவதும் பயிற்சிதான். ஒரு தடவைக்கு 10, நாளைக்கு மூன்று தடவை, பால் கொடுக்கும்போதே செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழக வேண்டாம். நான் முதல் தடவை மாதக்கணக்கில் தூக்குவதற்குப் பதில் கீழே முக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், அதை ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரே நாளில் கண்டுபிடித்தார். மாதாமாதம் போகத் தேவையில்லை, ஒரு தடவை காட்டிவிட்டு வாருங்கள். ஜிம்முக்கு மூன்று மாதப் பணம் கட்டுவதை விட அது மலிவு.

அடுத்தது வீடியோ. காசில்லை, குழந்தை தூங்கும்போது செய்யலாம், அதனால் நிறைய பேர் தேடிப்போவதும் அதைத்தான். ஆனால் உங்களுக்கு எந்தப் பிரசவம், தையல் எங்கே என்பதெல்லாம் வீடியோவுக்குத் தெரியாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், அதாவது பார்க்கிற இரண்டு பேரில் கிட்டத்தட்ட ஒருவருக்கு வயிற்றில் அடுக்கடுக்காக வெட்டித் தைத்த காயம். வெளித்தோல் ஆறிவிட்டதே என்று உள்ளேயும் ஆறிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்குப் பல மாதம் பிடிக்கும். இன்னொன்று, வயிற்றின் நடுவில் தசை பிரிந்திருப்பது. நார்வேயில் முதல் பிரசவமான 300 பெண்களைப் பார்த்த 2016 ஆய்வில், ஆறு வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு இருந்தது, ஒரு வருஷத்தில் மூன்றில் ஒருவருக்கு மிஞ்சியது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கித் தொப்புளைச் சுற்றி விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி தெரிந்தாலோ, நடுவில் கூடாரம் மாதிரி எழும்பினாலோ இப்போதைக்குச் சிட்-அப் (படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காருவது), பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது) எல்லாம் வேண்டாம்.

யோகா வகுப்பு வீடியோவை விட ஒரு படி மேல், சொல்லிக்கொடுப்பவர் உங்களைப் பார்க்கிறார் என்பதால். பிரசவமானதை முதலிலேயே சொல்லிவிட்டால் மூச்சுப்பயிற்சியிலிருந்து ஆரம்பிப்பார். சொல்லாமல் போய்ப் பின்வரிசையில் காலையும் உடம்பையும் படகு மாதிரி தூக்கி நிறுத்துகிற நவுக்காசனம் போட்டால் வீடியோவும் இதுவும் ஒன்றுதான்.

ஜிம்மில் எனக்குக் கிடைத்தது, குழந்தை பிறந்து எத்தனை மாதம் என்று கூடக் கேட்காமல் என் கையில் ஸ்கிப்பிங் கயிறைக் கொடுத்த பயிற்சியாளர். எல்லா இடமும் அப்படியல்ல, மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனால் எடை தூக்குவது நல்லதுதான் (12 கிலோ பிள்ளையையும் காய்கறிப் பையையும் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறப்போகிறவர்களுக்கு வேறென்ன பயிற்சி?). ஆனால் ஆறு வாரப் பரிசோதனையில் டாக்டர் தலையசைத்தால் ஓடலாம் என்று அர்த்தமில்லை. 2019-இல் பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் மூன்று பேர் எழுதிய வழிகாட்டி, ஓட்டத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறது, மாதக் கணக்கோடு விடாமல் பரீட்சையும் வைக்கிறது: 30 நிமிட நடை, ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்பது, ஒவ்வொரு காலிலும் 10 ஸ்குவாட் (முழங்காலை மடக்கி இறங்கி எழுவது), நின்ற இடத்தில் ஒரு நிமிட ஓட்டம், ஒற்றைக்காலில் 10 தாவல், இன்னும் சில. எதிலும் வலி, கசிவு, கீழே ஏதோ இறங்குகிற மாதிரி கனம் இருக்கக் கூடாது.

என் சின்னவனுக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. மற்றதெல்லாம் தேறிவிட்டேன், இடது காலில் மட்டும் ஏழாவது தாவலில் இன்னும் அந்தக் கனம் வருகிறது. அதனால் இந்த மாதமும் மொட்டைமாடிதான்.