சீழ் பிடித்த கிராஃப்ட்: சொந்தச் சிரையா, மாட்டு இதய உறையா?

வயிற்றிலோ தொடை இடுக்கிலோ வைத்த செயற்கை ரத்தக்குழாயில், அதாவது கிராஃப்டில், கிருமி புகுந்துவிட்டால், பெரும்பாலும் மருந்து மட்டும் போதாது. டாக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியானாலும் பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்கானாலும் அது உயிரற்ற பொருள். ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் அதன்மேல் வழவழப்பான படலம் கட்டி உட்கார்ந்துவிட்டால், சிரை வழியே ஏற்றும் ஆன்டிபயாடிக் உள்ளே எட்டாது. அப்படியே விட்டால் தையல் விட்டு ரத்தம் பீறிடலாம், குடலோடு ஒட்டி ரத்த வாந்தியில் முடியலாம். கிராஃப்டை எடுக்கத்தான் வேண்டும். எடுத்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

பழைய வழி, சீழ் இருக்கும் இடத்தைத் தொடாமல் சுற்றிப் போவது. அக்குளிலிருந்து விலாப்பக்கத் தோலுக்கடியில் புதுக்குழாயை இழுத்து இரண்டு தொடைகளுக்கும் ரத்தம் கொடுப்பார்கள். வயிற்றில் மகாதமனியின், அதாவது இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயின், வெட்டிய முனையைத் தைத்து மூடிவிடுவார்கள். அந்த மூடிய முனை பின்னாளில் வெடித்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். புதுக்குழாயும் செயற்கைதான், நீளமும் அதிகம், அடைத்துக்கொண்டால் காலுக்கு ஆபத்து. வயிறு முழுக்கச் சீழாக இருப்பவர் போன்றோருக்கு இன்றும் இதற்கு இடமுண்டு.

இரண்டாவது வழி, அதே இடத்தில் ரிஃபாம்பிசினில் ஊறவைத்த டாக்ரான். காசநோய் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் சிவக்குமே, அதே மருந்துதான். வெள்ளைக் குழாய் சில நிமிடத்தில் செங்கல் நிறமாகிவிடும். வேகமானது, மலிவானது. ஆனால் குடல் கிருமிகளிடமும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவிடமும் இதை நம்ப முடியாது. வெள்ளி பூசிய டாக்ரானும் ஏறக்குறைய இதே ரகம்.

ஐரோப்பிய ரத்தநாள அறுவை சங்கத்தின் 2020 வழிகாட்டி, நோயாளியின் சொந்தச் சிரைக்கே முதலிடம் தருகிறது. தொடையின் ஆழச் சிரையை எடுத்து மகாதமனியாகத் தைக்கும் முறையை 1990களில் அமெரிக்காவின் டாலஸில் கிளாகெட் என்ற அறுவை நிபுணரின் குழு நிலைநாட்டியது. உயிருள்ள திசு என்பதால் மறுபடி கிருமி பிடிப்பது குறைவு. அதற்குக் கொடுக்கும் விலை நேரம். இரண்டு தொடைகளையும் திறந்து சிரையைக் கிளை கிளையாகக் கட்டி விடுவித்து எடுக்க மணிக்கணக்கில் ஆகும். பிறகு கால் வீங்கும், சிலருக்குத் தசை இறுக்கத்தைத் தளர்த்த இன்னொரு வெட்டும் தேவைப்படும். ஏற்கெனவே காய்ச்சலில் துவண்டு, சர்க்கரையால் கால் புண்ணாகி, சிறுநீரகமும் தடுமாறும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு இது எளிதல்ல. சென்னையில் ரத்தநாளப் பிரிவுகளுக்கு வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம்.

இறந்தவர் தந்த தமனியை உறையவைத்து வைத்திருக்கும் வழியும் உண்டு. கிருமியை நன்றாகத் தாங்கும். ஆனால் காலப்போக்கில் நைந்து கிழியலாம். அதைவிட, திரவ நைட்ரஜன் குளிரில் வைத்திருக்கும் திசு வங்கி வேண்டும், கேட்ட இரவில் கேட்ட அளவில் அங்கே இருப்பும் வேண்டும். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் நன்றாக நடக்கிறதுதான். ஆனாலும் அதை நம்பி நடுராத்திரி அறுவைக்குத் திட்டம் போட மாட்டேன்.

மாட்டு இதய உறை, அதாவது பெரிகார்டியம், என் மனதில் முன்னால் நிற்பது இங்கேதான். குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்திய தகடு, குளிர்பெட்டிகூட வேண்டாமல் ஜாடியில் மாதக்கணக்கில் இருக்கும். இதய அறுவை தியேட்டர்களுக்கு இது புதிதல்ல, ஒட்டுப்போடவும் வால்வு செய்யவும் பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. தகட்டைச் சலைனில் நன்றாக அலசி ரசாயனத்தைக் கழுவுவார்கள். பிறகு பக்க மேசையில், வேண்டிய தடிமனுள்ள சிரிஞ்சின்மேல் சுற்றி, ஓரத்தைப் பாலிப்ரொப்பிலீன் நூலால் ஓடுதையல் போட்டால் குழாய் தயார். 20 மி.மீ. குழாய்க்குச் சுமார் 63 மி.மீ. அகலமும் தையல் ஓரமும் போதும். நெஞ்சுப் பகுதி மகாதமனிக்குத் தொடைச் சிரை ஒல்லி, இந்தத் தகடோ எந்த அளவுக்கும் வளைந்து கொடுக்கும். கிளை பிரியும் குழாயையும் தைத்துவிடலாம்.

குறைகள் இல்லாமலில்லை. கிருமி திரும்புவது குறைவு என்றே இதுவரை வந்த அறிக்கைகள் சொல்கின்றன, ஆனால் அவை சிறிய குழுக்கள், சில வருடக் கண்காணிப்பு. இளம் நோயாளிகளின் வால்வுகளில் இதே திசு சுண்ணாம்பேறிக் கெட்டிப்பட்டது தெரிந்த கதை. குழாயாக இருக்கும்போது இருபது வருடம் தாங்குமா என்பதற்கு இன்னும் போதிய ஆதாரம் சேரவில்லை. முழங்காலுக்குக் கீழே மெல்லிய குழாய் வேண்டுமென்றால் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், அங்கே கைச் சிரையாவது தேடுவதே நல்லது.

ஆடு ஒன்றும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. பாலியெஸ்டர் வலை சுற்றிய சிலிகான் கம்பியைச் செம்மறியாட்டின் தோலுக்கடியில் வைத்து, அதன்மேல் கொலாஜன் வளர்ந்தபின் எடுத்துச் செய்யும் ஆம்னிஃப்ளோ குழாய். தொடை, கால் பகுதிக்கு அது பொருந்தும்.

சம்மதப் படிவம் நீட்டும்போது "அப்பாவுக்கு மாட்டோடதா வைக்கப் போறீங்க, டாக்டர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லிவிடுவதே சரி. மறுப்பவருக்குச் சொந்தச் சிரையோ ரிஃபாம்பிசின் டாக்ரானோ இருக்கிறது. அறுவையின்போது ரத்தம் உறையாமலிருக்க ஏற்றும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து வருவது, அதை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆக, நேரமும் நல்ல தொடைச் சிரையும் இருந்து, நோயாளியும் தெம்பாக இருந்தால் சொந்தச் சிரை. ரத்தம் கசிந்துகொண்டு அவசரமாக வந்தாலோ, நெஞ்சுப் பகுதியானாலோ, மாட்டு உறை. எதை வைத்தாலும் செத்த திசுவை முழுதாகச் சுரண்டி எடுத்து, வயிற்றில் ஓமெண்டம் கொழுப்பு மடிப்பாலும் தொடை இடுக்கில் சார்டோரியஸ் தசையாலும் மூடாவிட்டால் பலனில்லை. ஆன்டிபயாடிக் குறைந்தது சில வாரங்கள் போகும். மாட்டு உறை வைத்தவருக்கு தையல் ஓரத்தில் வீக்கம் விழுகிறதா என்று சி.டி. ஸ்கேனில் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்வேன். முதலமைச்சர் காப்பீட்டில் தகடு எந்த வகையில் சேரும் என்பதையும் அட்மிஷனுக்கு முன்பே கவுண்ட்டரில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.