பிங் 200 இருந்தாலும் கோல்டு சேர்க்கலாம்: கில்டு வார்ஸ் 2 கிராஃப்டிங் சந்தை, ஒரு விமர்சனம்

கில்டு வார்ஸ் 2 என்ற ஆன்லைன் கேம் பற்றி எழுதுகிறவர்கள் சண்டை, கதை, மேப் என்றுதான் எழுதுகிறார்கள். நான் அதையெல்லாம் தொடப்போவதில்லை. அந்த கேமுக்குள் இருக்கும் டிரேடிங் போஸ்ட் என்ற சந்தையும், அதற்குச் சரக்கு கொடுக்கும் கிராஃப்டிங்கும் (மூலப்பொருளை வைத்துப் பொருள் செய்யும் வேலை) எப்படி இருக்கிறது, நம்ம ஊரில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு அது உபயோகப்படுமா என்பது மட்டும்தான் இங்கே. என் பதில்: நிச்சயமாக உபயோகப்படும். அதிலும் யாரும் திரும்பிப் பார்க்காத மட்டமான சரக்கில்தான் நல்ல காசு இருக்கிறது.

ஏன் நம்ம ஊருக்கு என்று தனியாகச் சொல்கிறேன் என்றால், இந்த கேமுக்கு சர்வர் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான் உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்ன பிராட்பேண்ட் போட்டாலும் எனக்கு பிங், அதாவது நாம் அழுத்துவது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லி வினாடி, 150-க்குக் கீழே இறங்குவதில்லை, சாயந்திரம் 200-ஐத் தாண்டும். அடி விழும் நேரத்தில் உருண்டு தப்பிக்க வேண்டிய சண்டையில் இது பெரிய பாரம், ஜெர்மனியில் இருக்கிறவரோடு சமமாக நிற்கவே முடியாது. சந்தையில் அந்தப் பிரச்சினையே கிடையாது. ஒரு ஆர்டர் கால் வினாடி தாமதமாகப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு கண்டத்து ஆட்டக்காரர்களுக்கும் ஒரே டிரேடிங் போஸ்ட் என்பதால் வாங்குகிற கூட்டமும் பெரிது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, போட்ட ஆர்டருக்குக் காலக்கெடு இல்லை என்பது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஏலக்கடையில் வைத்த பொருள் அதிகபட்சம் 48 மணி நேரத்தில் விற்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடும். இங்கே நீங்களே எடுக்கும் வரை அது அப்படியே கிடக்கும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்ததே, அந்த மாதிரி நேரத்தில் கரண்ட்டும் நெட்டும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் அணைந்தே இருந்தாலும் உங்கள் பை ஆர்டர் (இந்த விலைக்குக் கிடைத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று போட்டு வைப்பது) நிரம்பும், வைத்த சரக்கு விற்கும்.

இனி கணக்கு. இதை மனதில் பதித்துக்கொள்ளாமல் ஒரு பொருளைக்கூட செய்யாதீர்கள். கேமுக்குள் புழங்கும் காசில் 100 காப்பர் ஒரு சில்வர், 100 சில்வர் ஒரு கோல்டு. சரக்கை விற்பனைக்கு வைக்கும்போதே 5 சதவீதம் கையிலிருந்து போய்விடும், விற்றதும் இன்னொரு 10 சதவீதம் பிடிப்பார்கள். ஆக மொத்தம் 15. அடக்க விலை 1 கோல்டு 70 சில்வர் ஆன பொருளை 2 கோல்டுக்கு விற்றால் கையில் வருவது சரியாக 1 கோல்டு 70 சில்வர், லாபம் பூஜ்யம். அதனால் அடக்க விலையை 0.85-ஆல் வகுத்து, வரும் எண்ணுக்கு மேலே விலை போகுமா என்று பார்த்துவிட்டுத்தான் கிராஃப்டிங் மேசைக்குப் போக வேண்டும். விலையைத் திருத்தும் வசதியும் கிடையாது. மாற்ற வேண்டுமென்றால் எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும், முதலில் கட்டிய 5 சதவீதம் போனது போனதுதான். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஏற்பாடு. ஆனால் இதனால் ஒரு நல்லதும் நடக்கிறது: ஒரு காப்பர் குறைத்துக் குறைத்து வைத்துக்கொண்டே இருக்கும் சண்டை இங்கே மட்டுப்படுகிறது, குறைக்கிற ஒவ்வொரு தடவையும் காசு செலவாகிறதே.

சரி, எதை விற்பது? லெஜண்டரி என்ற உச்ச ரக ஆயுதம், அதைச் செய்யத் தேவைப்படும் பிரிகர்சர் ஆயுதம், எக்டோ என்ற மூலப்பொருள் என்று எல்லார் கண்ணும் படுகிற இடங்களை விட்டுவிடுங்கள். அங்கே பெரிய முதல் போட்டவர்கள் இருக்கிறார்கள், மார்ஜின் நூல் மாதிரி மெலிந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்று மட்டுமே செய்ய முடிகிற மித்ரில்லியம், சில்க் வீவ் நூல் போன்றவையும் எல்லா வழிகாட்டிகளிலும் இருப்பவைதான். தினமும் நம்ம நேரம் அதிகாலை 5:30-க்கு கேமில் நாள் மாறும், அதன் பிறகு ஒரு தடவை செய்து வைப்பதில் தவறில்லை, அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

காசு நடுவில் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டையை வாங்கி உடைத்துப் பருப்பாக விற்கிறவர் சம்பாதிப்பது அந்த உடைக்கிற வேலைக்கான காசைத்தான், வாங்குகிறவருக்கு அந்த வேலையைச் செய்யப் பொறுமை கிடையாது. இங்கேயும் அதே வேலைதான். கவசம் செய்யத் தேவையான இன்சிக்னியா, ஆயுதத்துக்கான இன்ஸ்கிரிப்ஷன் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தையல்காரர், தோல்காரர், கவசக்காரர் மூவரும் இன்சிக்னியா செய்யலாம், ஆயுதம் செய்யும் மூன்று தொழில்களும் இன்ஸ்கிரிப்ஷன் செய்யலாம். இதைப் புதிதாகக் கவசம் செய்கிறவர்கள் மட்டும் வாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படி நினைப்பதால்தான் இது கவனிக்கப்படாமல் கிடக்கிறது. அசெண்டட் என்ற உயர்ந்த ரகக் கவசம் வைத்திருக்கிற ஒருவர் அதன் ஸ்டாட்டை (அது கூட்டும் பலங்களின் கலவை) மாற்ற வேண்டுமென்றால், பொருட்களைப் போட்டு வேறொன்றாக மாற்றும் மிஸ்டிக் ஃபோர்ஜில் அந்தக் கவசத்தோடு, புது ஸ்டாட் உள்ள எக்சாட்டிக் (அசெண்டட்டுக்கு ஒரு படி கீழே உள்ள ரகம்) இன்சிக்னியா ஒன்றையும் போட வேண்டும். ஒரு முழு செட்டுக்கு ஆறு துண்டு, ஆறு இன்சிக்னியா. திறமைகளின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் பேலன்ஸ் பேட்ச் ஒன்று வந்து, நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த பில்டு (திறமை, கவசம் சேர்ந்த அமைப்பு) படுத்து வேறொன்று எழுந்தால், இதே வேலையை ஆயிரக்கணக்கான பேர் அதே வாரத்தில் செய்வார்கள். அவர்கள் துணி, ரத்தக் குப்பி எல்லாம் தேடித் தேடி வாங்கிச் செய்துகொண்டிருக்க மாட்டார்கள், செய்து வைத்ததைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பேட்ச் குறிப்பு வெளியாகும் நாளில் எந்த ஸ்டாட் ஏறும் என்று நிதானமாகப் படிக்கிறவருக்கு அந்த வாரம் நல்ல போணி. எல்லா இன்சிக்னியாவும் விற்கக்கூடியது இல்லை, சில வகைகள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் டிரேடிங் போஸ்ட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே சரக்கு வாங்குங்கள்.

அடுத்தது சாப்பாடு. செஃப் தொழிலை ஆரம்பத்தில் எல்லாரும் விளையாட்டாகப் பார்ப்பார்கள், எனக்கு இதுதான் நிரந்தர வருமானம். சாப்பாடு கேரக்டருக்குத் தரும் கூடுதல் பலம் அரை மணியோ ஒரு மணியோதான், பிறகு மறுபடி வாங்கியாக வேண்டும். கவசம் ஒரு தடவை வாங்கினால் வருஷக்கணக்கில் இருக்கும், சூப் அப்படி இல்லை. கூடவே ஷார்ப்பனிங் ஸ்டோன், மெயின்டனன்ஸ் ஆயில், டியூனிங் கிரிஸ்டல் என்ற மூன்றும் உண்டு, சாப்பாடு மாதிரியே கொஞ்ச நேரம் பலம் தந்து தீர்ந்துபோகிறவை, முறையே வெப்பன்ஸ்மித், ஹன்ட்ஸ்மன், ஆர்ட்டிஃபைசர் செய்வது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் சித்தி பையன் ரெய்டுக்கெல்லாம் (பத்து பேர் சேர்ந்து பெரிய எதிரியோடு மோதும் சண்டை) தவறாமல் போகிறவன், அவன் சொன்னது: "அண்ணே, ரெய்டு வாசல்ல பத்து பேர் நிக்கிறப்ப எவனும் சூப் விலை பார்க்க மாட்டான், இருக்கிறத வாங்கிட்டு உள்ள போவான்." அவன் பேச்சு என் விலைப் பட்டியலையே மாற்றிவிட்டது. ரெய்டுக்கான வாரக் கணக்கு திங்கட்கிழமை நம்ம நேரம் மதியம் 1 மணிக்குப் புதிதாகத் தொடங்கும், ஐரோப்பாவில் பெரிய அணிகள் மோதும் வேர்ல்ட் வெர்சஸ் வேர்ல்ட் போர் வெள்ளி இரவு 11:30-க்கு. ஞாயிறன்றும் வெள்ளி சாயந்திரமும் சமைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம், அவர்கள் ஊர் சாயந்திரம் நமக்கு நடுராத்திரி, காலையில் எழுந்தால் காசு வந்திருக்கும். நம்ம நேர வித்தியாசம் ஒரு தடவையாவது நமக்குச் சாதகமாக இருப்பது இங்கேதான்.

கீழ்மட்டப் பொருட்களையும் ஒதுக்க வேண்டாம். இரும்பு, கம்பளி, மெல்லிய தோல் இதெல்லாம் ஆரம்ப லெவல் சரக்கு, விலை இருக்காது என்று தோன்றும். ஆனால் அசெண்டட் கிராஃப்டிங்கில் டெல்ட்ரிமோர் ஸ்டீல் செய்ய இரும்பு, ஸ்டீல் கட்டிகள் வேண்டும், டமாஸ்க் துணிக்குக் கம்பளியும் பருத்தியும் வேண்டும். உச்ச லெவலான 80-ஐ எட்டிய ஆட்கள் சின்ன லெவல் மேப்புக்குத் திரும்பிப் போவதில்லை, அதனால் கிராக்கி இறங்குவதே இல்லை. மூன்று இரும்புத் தாதுக்கு ஒரு கட்டி, இரண்டு மித்ரில் தாதுக்கு ஒரு கட்டி. தாதுவை பை ஆர்டரில் பொறுமையாக வாங்கி கட்டியாக விற்றால் சில நாள் லாபம், சில நாள் ஒன்றும் தேறாது, அன்றைக்கு அன்றைக்குப் பார்க்க வேண்டியதுதான். ஸ்கிரைப் என்ற தொழிலை மட்டும் ஆரம்பத்தில் தொடாதீர்கள், அதற்கு கில்டு ஹால் (ஆட்டக்காரர் குழுவுக்கான கூடம்) வேண்டும், லெவல் ஏற்றவே கையிருப்பு கரைந்துவிடும்.

டிரேடிங் போஸ்ட்டின் பெரிய குறை, அதற்குள் விலை வரலாறு இல்லை. இப்போதைய வாங்கும் விலை, விற்கும் விலை தெரியும், போன வாரம் எவ்வளவு போனது, ஒரு நாளைக்கு எத்தனை கைமாறுகிறது என்பது தெரியாது. இரண்டு விலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறதே என்று ஆசைப்பட்டுச் செய்தால், வாரத்துக்கு இரண்டுதான் விற்கிற பொருளாக இருக்கும், சரக்கு தேங்கிவிடும். நல்ல வேளையாக கேமை உருவாக்கிய அரீனாநெட் விலைத் தகவலை ஏபிஐ (வேறு மென்பொருள்கள் தகவலை நேரடியாக எடுக்கும் வழி) மூலம் எல்லாருக்கும் திறந்தே வைத்திருக்கிறது, அதை வைத்து மற்றவர்கள் நடத்தும் ஜிடபிள்யூ2எஃபிஷியன்சி, ஜிடபிள்யூ2பிஎல்டிசி போன்ற தளங்கள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. முன்னதில் கிராஃப்டிங் கால்குலேட்டர் இருக்கிறது, எந்தப் பாகத்தை வாங்குவது மலிவு, எதை நாமே செய்வது மலிவு என்று பிரித்தே காட்டும். எந்த கேமிலும் இவ்வளவு வெளிப்படையான சந்தையை நான் பார்த்ததில்லை.

இன்னொரு எரிச்சல், ஆர்டர் எங்கிருந்தும் போடலாம், ஆனால் காசையும் பொருளையும் எடுக்க ஊருக்குள் இருக்கும் ஆளிடம் நடந்து போக வேண்டும். அதற்கு ஈடாக மேசையில் நிற்கும்போது பேங்க்கும் மெட்டீரியல் ஸ்டோரேஜும் தானாகவே திறந்திருக்கும், மூட்டை தூக்கி அலைய வேண்டாம். சாதாரணமாக ஒரு கேரக்டருக்கு ஒரு நேரத்தில் இரண்டு தொழில்தான், எனக்கு செஃப்பும் தையலும் போதும்.

செலவைப் பற்றி. மாதச் சந்தா கிடையாது. அடிப்படை கேம் 2015 ஆகஸ்டிலிருந்து இலவசம், 2022 ஆகஸ்டிலிருந்து ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலும் இருக்கிறது, யூபிஐ வழியாக ரூபாயிலேயே கட்டலாம். ஆனால் இலவசக் கணக்கில் டிரேடிங் போஸ்ட் முழுசாகத் திறக்காது, சாதாரணமான சில பொருட்களை மட்டும் வாங்கி விற்கலாம், கோல்டை மெயிலில் அனுப்பவும் முடியாது. எனவே முதலில் இலவசமாக இறங்கி, தாது வெட்டி, சமையல் பழகி, பை ஆர்டர் போட்டுப் பாருங்கள். இந்த வேலை பிடித்திருந்தால், ஸ்டீம் சேலில் ஒரு எக்ஸ்பான்ஷன் (காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதி) விலை குறையும்போது வாங்கிவிடுங்கள், முழுச் சந்தையும் திறக்கும். வெளியே பணத்துக்குக் கோல்டு விற்கிற தளங்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள், விதிமீறல் அது, கணக்கே போய்விடும். கூடுதலாகக் கோல்டு சேர்ந்தால் கேமுக்குள்ளேயே ஜெம்மாக (கேமின் கடையில் செல்லும் காசு) மாற்றி வேண்டியதை வாங்கலாம், அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.