220 வெள்ளிக்குப் போட்ட "சின்ன எஸ்எஸ்டி": சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் கவனம்

பழைய லேப்டாப்பில் சின்ன எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்புத் தகடு) போட்டு வேகமாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், காசை எடுப்பதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: அது எத்தனை ஜிபி, விண்டோஸ் அதில் ஏறுமா? நான் கேட்கவில்லை. அம்மாவின் 220 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போய்விட்டது.

என் தம்பி ஈப்போவில் பாலிடெக்னிக் படிக்கிறான். பெரியம்மா மகன் கொடுத்த லேப்டாப்தான் அவனிடம் இருப்பது, இன்டெல் ஐ5-6200யு பிராசசர், 1 டிபி ஹார்ட் டிஸ்க். திறந்து பத்து நிமிடத்துக்கு மௌஸ் அசையாது. அசைன்மெண்ட் அனுப்ப வேண்டிய ஒரு ராத்திரி அவன் அழாத குறையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அம்மா கூட்டு (சீட்டு) பணத்தை எடுத்துக் கொடுத்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்த காசு அது.

டவுனில் நம்ம ஆள் கடை ஒன்றுக்குப் போனேன். "புது லேப்டாப்பெல்லாம் எதுக்கு தங்கச்சி, சின்ன எஸ்எஸ்டி ஒண்ணு போட்டுத் தரேன், அப்புறம் பாரு" என்றார். தமிழில் பேசுகிறார், அப்பாவையும் தெரியும் என்கிறார், நம்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார், உண்மையிலேயே வேகமாக இருந்தது. ஆனால் கேட்காமலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றியிருந்தார், தம்பியின் போன செமஸ்டர் ஃபைல்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேகத்துக்குக் காரணமும் அந்தப் புது விண்டோஸ்தான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் பழைய கதை. போன் பண்ணினால் முதலில் அப்டேட் என்றார், அப்புறம் வைரஸ் என்றார், கடைசியில் ரேம் போட இன்னும் 150 வெள்ளி ஆகும் என்றார். அன்று ராத்திரி தம்பி டாஸ்க் மேனேஜரை, அதாவது எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று விண்டோஸ் காட்டும் திரையை, திறந்து எனக்குக் காட்டினான். டிஸ்க் 0, ஹார்ட் டிஸ்க், நூறு சதவீதத்தில் திணறிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் 1, எஸ்எஸ்டி, பூஜ்யம். அளவு 13.4 ஜிபி. பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தோம், விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு, மேலே ஒட்டியிருந்த தாளில் "ஆப்டேன் மெமரி 16 ஜிபி" என்று அச்சாகியிருந்தது.

இது இன்டெல் 2017-இல் விற்க ஆரம்பித்த பொருள். பொருள் போலி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் அடிக்கடி தேடுகிறதைத் தன்னிடம் எடுத்து வைத்துக்கொண்டு சீக்கிரம் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆனால் அந்த வேலையைச் செய்ய ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய கோர் பிராசசர் வேண்டும், அதற்கான டிரைவர் என்ற மென்பொருளையும் போட்டு இயக்க வேண்டும். 6200 என்ற எண்ணில் முதலில் நிற்கும் 6 தான் தலைமுறை. அதாவது எங்கள் லேப்டாப்பில் அது ஒரு காலி டிரைவாக மட்டுமே இருக்கும். விண்டோஸையாவது அதில் ஏற்றலாம் என்றால் விண்டோஸ் 10-க்கே 32 ஜிபி கேட்கிறார்கள். இன்டெல் 2022-இலேயே ஆப்டேன் வியாபாரத்தை மூடுவதாக அறிவித்துவிட்டது. தினமும் லேப்டாப் திறந்து மூடுகிற கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். "எஸ்எஸ்டிதானே கேட்டீங்க, எஸ்எஸ்டிதானே போட்டேன்" என்றார். தங்கச்சி போய் நீங்க ஆகிவிட்டது. ரசீதில் "எஸ்எஸ்டி அப்கிரேட் 220" என்று மட்டும் எழுதியிருந்தது, எத்தனை ஜிபி என்று இல்லை. தயவுசெய்து ரசீதில் அளவையும் மாடலையும் எழுதச் சொல்லி வாங்குங்கள், அங்கேயே திறந்து டாஸ்க் மேனேஜரில் சி டிரைவ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள், ஃபைல்களை முன்னாலேயே வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன், மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் கொடுத்தால் போதும். 220 வெள்ளிக்குப் போய் இவ்வளவு அலைச்சலா என்று சித்தப்பா கேட்டார். அம்மா எத்தனை மூட்டை பொறுக்கியிருப்பார் என்று அவருக்கும் தெரியும், அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பியின் நண்பன் ஒருவன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸை அதில் ஏற்றிக் கொடுத்தான். அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு கேசிங்கில் போய் யுஎஸ்பியில் ஓடுகிறது. அந்தப் பச்சைத் தகட்டை ரசீதோடு ஒரு கவரில் போட்டு அம்மாவின் பீரோவில் வைத்திருக்கிறோம், விசாரணை நாளில் எடுத்துப் போக வேண்டும். மனு நடப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.