ஆல்டர்னேட்டரை நிறுத்தி மைலேஜைக் கூட்டித் தருகிறோம் என்பவர்களிடம் காரைக் கொடுக்காதீர்கள்

என் அரை மாதச் சம்பளம் கைவிட்டுப் போய் இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. அந்தக் கடையிலிருந்து நேற்று மாலை வந்த பதிலைக் கேட்ட பிறகு, இனி அதில் ஒரு காசும் திரும்பாது என்பது தெளிவாகிவிட்டது. இதே வலையில் இன்னொருவர் விழக்கூடாது என்பதற்காக, ஆத்திரம் அடங்குவதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காருக்கு ஸ்பீக்கர், கேமரா, கூடுதல் விளக்கு எல்லாம் பொருத்தித் தரும் ஒயரிங் கடைகளில் அதுவும் ஒன்று.

அவர்கள் விற்பது இதுதான். காருக்கு வேண்டிய மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தருகிறது. அதை இன்ஜின்தான் பெல்ட் மூலம் சுற்றுகிறது. ஆகவே அதன் இழுவைக்கும் பெட்ரோல்தான் செலவாகிறது. ஓடும்போது ஒரு ஸ்விட்ச் மூலம் ஆல்டர்னேட்டரை நிறுத்திவிட்டு, பேட்டரியில் இருக்கும் மின்சாரத்திலேயே வண்டியை ஓட்டினால் மைலேஜ் கால் பங்கு கூடும் என்றார்கள். டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச், பானெட்டுக்குள் அந்த ஸ்விட்ச் சொல்கிறபடி மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் ஒரு ரிலே, சீக்கிரம் சார்ஜ் ஏறும் என்று சொல்லி ஒரு புது பேட்டரி, இவை எல்லாம் சேர்ந்து என் அரை மாதச் சம்பளம்.

நான் நம்பிய அந்தக் கணத்தை நினைத்தால்தான் இன்றும் உடம்பு பதறுகிறது. கடைக்காரர் இன்ஜினை ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடியே, ஓடவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். பிறகு ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர், உள்ளே காற்று வீசும் ஃபேன் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். 14 ஆம்பியர் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் 40ஐத் தாண்டியது; இன்ஜினின் சத்தம் கனத்து இறங்கியது. என் கையைப் பிடித்து ஃபெண்டரின் மேல் வைத்து, "அதிருது பாருங்க சார், இதைச் சுமந்துக்கிட்டுதான் உங்க வண்டி தினமும் ஓடுது" என்றார். எல்லாவற்றையும் அணைத்ததும் கைக்கடியில் இருந்த அதிர்வு சட்டென்று தணிந்தது. முன்பணம் வேண்டாம், வேலை முடிந்து உங்களுக்குத் திருப்தியானால் மட்டும் கொடுங்கள் என்றும் சொன்னார். அந்த வார்த்தையில் நான் கரைந்துபோய், அன்று மாலையே முழுத் தொகையையும் கொடுத்தேன்.

அவர் காட்டியதில் பொய் எதுவும் இல்லை. என்னை ஏமாற்றியதே அதுதான். ஐடிலிங்கில் இன்ஜின் எரிக்கும் பெட்ரோல் மிகக் குறைவு என்பதால், அங்கே ஆல்டர்னேட்டரின் பங்கு பெரிதாகத் தெரியும். சாலையில் ஓடும்போது காற்றையும் டயரின் உராய்வையும் தள்ளவே பெரும்பகுதி போய்விடுகிறது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. இன்ஜின் அதில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் சக்தியாக மாற்றுகிறது. ஆல்டர்னேட்டர் அந்தச் சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகத் தருகிறது. அப்படிப் பார்த்தால் 100 வாட் மின்சாரத்துக்கு மணிக்குச் சுமார் 70 மில்லி பெட்ரோல். பகலில் விளக்குகள் இல்லாமல் என் கார் எடுப்பது 200 வாட் அளவுதான். முழுவதையும் மிச்சப்படுத்தினாலும் நூற்றுக்கு நான்கைந்துக்கு மேல் போகாத இடத்தில் இருபத்தைந்து என்றார்கள். அந்த நான்கைந்தும்கூடக் கையில் நிற்காது, ஏனென்றால் பேட்டரியிலிருந்து எடுத்தது கடன். ஸ்விட்சைத் திரும்பப் போட்டதும் அதே ஆல்டர்னேட்டர் அதே பெட்ரோலை எரித்து, சார்ஜ் ஏறும்போது வீணாகும் பங்கையும் சேர்த்து அடைக்கிறது. மூன்று முறை டேங்கை முழுதாக நிரப்பி அளந்தேன்: முன்பு லிட்டருக்கு 16.2 கிலோமீட்டர், இப்போது 16.3.

நான்காவது வாரம் ஓர் இரவில் நல்ல மழை. ஸ்விட்ச் அணைந்திருந்ததை மறந்து, ஹெட்லைட், வைப்பர், ஃபேன் மூன்றையும் போட்டுக்கொண்டு வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். முதலில் வைப்பர் கண்ணாடியின் நடுவில் தயங்கித் தயங்கி நகர்ந்தது. வெளிச்சம் மஞ்சளடித்தது. பதறிப்போய் ஸ்விட்சைத் தட்டினேன். எந்த மாற்றமும் இல்லை. அடுத்த வளைவில் ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. அது மின்சாரத்தில் இயங்கும் பவர் ஸ்டீயரிங் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முழு பலத்தையும் கொடுத்துத் திருப்பி ஓரத்தில் நிறுத்தினேன். பின் இருக்கையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டபோது, நீங்கள் அதிக நேரம் அணைத்து வைத்திருந்தீர்கள் என்றார்கள். எவ்வளவு நேரம் அணைக்கலாம் என்று வேலை செய்த அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலாளி வந்ததும் பேசுவார் என்றார்கள். முதலாளி இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் நேரில் போனேன். என் கையை ஃபெண்டரில் வைத்த அதே மனிதர், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஸ்விட்சுக்குத்தான் வாரண்டி, ஸ்விட்ச் வேலை செய்கிறதே என்றார். பேட்டரி பற்றிக் கேட்டதற்குத் தயாரித்தவர்களிடம் போகச் சொன்னார். பில்லிலோ தயாரித்தவர் யார் என்பதே இல்லை. நேற்று கிடைத்த கடைசிப் பதில், வேறு யாரோ ஒயரிங்கைத் தொட்டுவிட்டார்கள், இனி எங்களுக்குப் பொறுப்பில்லை என்பது.

தொட்டது உண்மைதான், வேறு வழியில்லாமல் இன்னொரு எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் அந்த ரிலேயைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் பிளாஸ்டிக் உருகி வழிந்து இறுகியிருந்தது. உள்ளே தொடுமுனைகள் கரியாகக் கறுத்திருந்தன. ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரையே வெட்டி நடுவில் இதை வைத்திருக்கிறார்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஒயரைத் துண்டித்தால் மின்னழுத்தம் ஒரு நொடியில் எகிறும்; அதில் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும், மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டையோடுகள் போய்விட்டன என்றார். மழையில் நான் ஸ்விட்சைத் தட்டியும் சார்ஜ் ஏறாததற்குக் காரணம் இதுதான். அரை மாதச் சம்பளத்தோடு இந்த ரிப்பேர் செலவும் சேர்ந்துகொண்டது.

மைலேஜுக்கு உருப்படியான யோசனைகள் நிறைய எழுத நினைத்தேன். இப்போது மனம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இவற்றை மட்டும் சொல்கிறேன். ஐடிலிங்கில் காட்டும் எந்தச் சோதனையையும் நம்பாதீர்கள். ஆல்டர்னேட்டர் ஒயரை யாரையும் வெட்டவிடாதீர்கள். பெல்ட்டைக் கழற்றுகிறேன் என்றால் இன்னும் மோசம், பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. மின்சாரத்தைக் குறைக்க வேண்டுமென்றால், கண்ணாடி தெளிந்ததும் ஹீட்டரை அணையுங்கள், அதற்குக் காசு வேண்டாம். புதிய கார்கள் பலவற்றில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது அதிகமாகச் சார்ஜ் ஏற்றும் ஏற்பாடு தொழிற்சாலையிலேயே இருக்கிறது. அதன் மேல் ஸ்விட்ச் வைத்தால் கெடத்தான் செய்யும். பணம் கொடுக்கும் முன் பில்லில் பேட்டரியைத் தயாரித்தவர் பெயரும், எதற்கெல்லாம் வாரண்டி என்பதும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். என் பில்லில் தேதியும் தொகையும் மட்டும்தான் இருக்கின்றன.