கல்குடா மணலில் ஒரு 400, ஒரு 450: ஆறு வருசக் கணக்கு

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்ததிலிருந்து மாதத்துக்கு இரண்டு பேராவது போன் எடுக்கிறார்கள். "அண்ணே, குவாட் பைக் ஒன்று எடுக்கப் போறன். யமஹாவா, ஹோண்டாவா?" மணலில் ஓடுகிற நாலு சில்லு மோட்டார் சைக்கிளைத்தான் கேட்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் மணல்மேட்டில் யாரோ பறக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு வருபவர்கள். எனக்கும் அதே வியாதி இருந்தபடியால் சிரிக்க முடியாது.

கட்டாரில் சீலைன் மணல்மேடுகளுக்குப் பக்கத்தில், குவாட் வாடகைக்கு விடுகிற முகாம் ஒன்றில் ஏழு வருசம் மெக்கானிக்காக இருந்தேன். அங்கே கையில் இருந்தது பெரும்பாலும் யமஹா ராப்டர் 700. 2019 கடைசியில் ஊருக்கு வந்து, மச்சானோடு கூட்டுச் சேர்ந்து பழையது இரண்டு வாங்கினேன். ஒன்று 2008 ஹோண்டா டிஆர்எக்ஸ் 400 இஎக்ஸ். மற்றது 2012 யமஹா வைஎஃப்இசட் 450 ஆர். கல்குடாவில் ஒரு பனங்காணியைச் சுற்றித் தடம் வெட்டி, வருகிற சுற்றுலாக்காரருக்கு மணிக்கணக்கில் விடுகிறோம். சனம் குளிக்கிற கரைப்பக்கம் இறக்குவதில்லை. நம்பர் பிளேட் இல்லாத சாமான், தெருவிலும் ஓட்ட முடியாது. எங்கே கொண்டுபோவதென்றாலும் லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) பெட்டியில் ஏற்றித்தான்.

ஓட்டத்தில் எது நல்லது என்றால் சந்தேகமே இல்லை, 450தான். 449 சிசி, தண்ணீரில் குளிர்கிற எஞ்சின், ஐந்து டைட்டேனியம் வால்வு, ஃபியூல் இன்ஜெக்‌ஷன். ரேஸ் தடத்துக்கென்றே செய்தது. மூன்றாம் கியரில் திருகினால் முன்சில்லு இரண்டும் பாரம் விட்டுப்போகும். அகலம் கூட என்பதால் வளைவில் சாயாமல் நிற்கும். ஹோண்டா அதற்கு முன்னால் எருமை மாதிரி. 397 சிசி, காற்றில் குளிர்கிற எஞ்சின், காபரேட்டர். ஆனால் எருமைக்கு எருமையின் குணம் உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கும், புதிதாக ஏறியவன் பிழையாகக் கியர் போட்டாலும் முனகிக்கொண்டே போகும். புதைந்தால் ரிவர்ஸ் இருக்கிறது. 450க்கு ரிவர்ஸ் கிடையாது. இறங்கி, 184 கிலோவைப் பின்பக்கம் தூக்கித் திருப்ப வேண்டும். ஆடி வெயிலில் ஒரு நாளைக்கு நாலு தரம் அதைச் செய்து பாருங்கள், மறுகா பேசுவோம்.

சரி, நம்பகத்துக்கு வருவோம். ஒரு எஞ்சின் நல்லதா கெட்டதா என்பதைவிட, அது கேட்கிற பணிவிடையை நம்மூரில் செய்ய முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். இதை நான் படித்தது கச்சான் காற்றில். (கடலையைச் சொல்லவில்லை. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அனல் மாதிரி அடிக்கிற காற்று.) அந்தக் காற்றில் எங்கள் மணல் மாவாகப் பறக்கும். கட்டார் மணலைவிட நைசு. அங்கே பழகிய கணக்கில், எயர் பில்ட்டரை மூன்று நாளைக்கு ஒருக்கால் கழுவினால் போதும் என்று இருந்துவிட்டேன். 2021 ஆவணியில் ஒருநாள் 450 காலையில் ஸ்டார்ட் எடுக்க மறுத்தது. பில்ட்டர் பெட்டியைத் திறந்து, எஞ்சினுக்குக் காற்றுப் போகிற றபர் குழாய்க்குள் சுட்டுவிரலை விட்டுத் தடவினேன். விரல் நறநறத்தது. வெள்ளைத் துணியால் துடைத்தால் தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஒரு கோடு. ஒயில் பூசாத இடத்தால் மணல் உள்ளே போயிருக்கிறது. காற்றை உள்ளெடுக்கும் வால்வுகள், போய் மூடி உட்காருகிற இடத்தில் தேய்ந்து, வால்வுக்கு மேலே இருக்க வேண்டிய மெல்லிய இடைவெளி இல்லாமல் போய்விட்டது. யமஹாவின் பிழை இல்லை. முழுக்க என் பிழை.

பிழை இரண்டிலும் ஒன்றுதான். ஹோண்டாவுக்குள்ளும் அதே மணல்தான் போயிருந்தது. ஹோண்டாவில் வால்வு இடைவெளியைத் திருகாணியால் சரிசெய்யலாம். மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) உள்ளே விட்டு, நட்டைத் தளர்த்தி, திருகி, இறுக்கினால் முடிந்தது. மரநிழலில் அரைமணி நேர வேலை. 450இல் திருகாணி கிடையாது. வால்வுத் தலையில் கவிழ்ந்திருக்கிற பக்கெட் என்ற மூடிக்கு அடியில் சிம் என்று பொத்தான் அளவில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அளந்து, கணக்குப் பார்த்து, வால்வைத் திறக்கிற கேம் தண்டைக் கழற்றி, மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு மெல்லிய இன்னொரு தகட்டை வைக்க வேண்டும். அந்தத் தகடு வாழைச்சேனையிலும் இல்லை, மட்டக்களப்பு டவுனிலும் இல்லை. கொழும்பில் ஒரு கடையில் சொல்லிவைத்தேன். வந்த பார்சலில் பிழையான அளவு. திருப்பி அனுப்பிச் சரியானது வர ஐந்து கிழமை. அந்த ஐந்து கிழமையும் ஹோண்டா தனியாக உழைத்தது.

இப்போது கச்சான் காலத்தில் ஒவ்வொரு பொழுதும் பில்ட்டரைக் கழுவுகிறோம். இரண்டு பைக்குக்கும் மூன்று மூன்று பில்ட்டர், ஒயில் பூசிப் பொலித்தீன் பையில் கட்டித் தயாராக இருக்கும். அதற்குப் பிறகு 450 ஒரு தரமும் அப்படி மக்கர் பண்ணவில்லை.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வேறு பாடம். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆரில் தந்த காலத்தில், பிளேட் இல்லாத எங்கள் சாமான்களை யார் கவனிப்பது? மாதக்கணக்கில் ஓலைக் கொட்டிலுக்குள் கிடந்தன. திரும்ப எடுக்கும்போது ஹோண்டாவின் காபரேட்டரில் பெற்றோல் காய்ந்து சின்ன ஜெட் அடைத்திருந்தது. கழற்றி ஊதினேன், சரி. 450இல் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் பற்றரி செத்துப்போனது. உதைத்து எடுக்கக் கிக்கர் இல்லாதது, இன்ஜெக்‌ஷனுக்கும் கரண்ட் வேண்டும். புதுப் பற்றரி வாங்கும்வரை சிலைதான். அதோடு 450க்கு 95 ஒக்டேன் ஊற்ற வேண்டும், அது எல்லா ஷெட்டிலும் இருக்காது. ஹோண்டா 92இலேயே ஓடும்.

உப்பு இரண்டையும் ஒரே மாதிரித்தான் தின்கிறது. பின் அச்சுப் பேரிங், செயின், சுவிங்ஆர்ம் புஷ். நல்ல தண்ணியால் கழுவிக் கிரீஸ் அடிக்காவிட்டால் எந்தப் பேர் எழுதியிருந்தாலும் பயனில்லை.

ஹோண்டாவைப் பழையதாக வாங்குபவருக்கு ஒன்று. அது ட்ரை சம்ப் எஞ்சின், அதாவது ஒயில் எஞ்சினின் அடியில் நிற்காமல் தனித் தாங்கியில் நிற்கும். காலையில் ஆறிய எஞ்சினில் டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் ஒயில் குறைவாகக் காட்டும். மச்சான் அதை நம்பி மேலும் மேலும் ஊற்றி, ஒருநாள் பில்ட்டர் பெட்டி முழுக்க ஒயில். சூடாக்கி, கொஞ்சம் சும்மா ஓடவிட்டு, நிறுத்தியவுடன் பார்க்க வேண்டும்.

விலை மலிவு என்று வருகிற பெயர் தெரியாத 200, 250 சிசிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பக்கத்து ஆள் ஒருவர் வாங்கினார். ஒரு சீசனில் முன் ஆர்ம் வெல்டிங் விட்டது. அவ்வளவுதான் சொல்வேன்.

பிறகு ராப்டர் 700? பணம் இருந்தால் அதுதான் என் தெரிவு. 686 சிசி, ரிவர்ஸ் உண்டு, இன்ஜெக்‌ஷன் இருந்தும் வால்வுக்குத் திருகாணிதான். இழுவையும் பணிவிடையும் ஒன்றாய்ச் சேர்ந்த வண்டி. ஆனால் புதிதாக ஓடுபவர் கையில் கொடுக்கப் பயம். சீலைனில் கவிழ்ந்தவற்றைத் தூக்கி நிமிர்த்திய முதுகு இன்னும் நோகிறது.

வாடகைக்கு விடுபவர், மணலில் முதல் தரம் ஏறுபவர், கராஜுக்குத் தூரத்தில் இருப்பவர் எல்லாரும் 400 எடுங்கள். சொந்தமாக ஓட மட்டும், பில்ட்டர் கழுவச் சோம்பல் இல்லை என்றால் 450. வாங்குமுன் அந்த றபர் குழாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள், பின் அச்சுப் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பின்சில்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

எங்கள் 450ஐப் போன வருசத்திலிருந்து வாடகைக்குக் கொடுப்பதில்லை. விற்கவும் மனமில்லை. இந்தக் கிழமை அளந்தபோது ஒரு வால்வு திரும்ப இறுகத் தொடங்கியிருக்கிறது. கொழும்புக்குச் சிம் சொல்லியிருக்கிறேன், இந்த முறை மூன்று அளவில்.