பெப்டைடா, தோல் செல்லா?

ஒரு மூலிகைச் சாறு தோலில் அலர்ஜி உண்டாக்குமா என்று பார்க்க எலியோ கினிப்பன்றியோ தேவையில்லை. அழகுப்பொருள்களுக்கான விலங்குச் சோதனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013-க்குள் படிப்படியாக முழுத் தடை போட்டது; இந்தியா 2014-ல் தடை போட்டது. கைவசம் உள்ள முறைகளில் இரண்டைப் பார்ப்போம்.

முதலாவது டிபிஆர்ஏ (DPRA), அதாவது பொருள் பெப்டைடோடு நேரடியாக வினைபுரிகிறதா என்று பார்க்கும் சோதனை. இதில் உயிருள்ள எதுவும் கிடையாது. சிஸ்டீன், லைசின் என்ற அமினோ அமிலங்கள் கொண்ட இரு பெப்டைடுகளோடு (குட்டிப் புரதத் துண்டுகளோடு) பொருளைக் கலந்து 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு பெப்டைடு குறைந்தது என்று அளப்பார்கள். தோலின் புரதத்தோடு ஒட்டுவதுதான் அலர்ஜியின் முதல் படி என்பதால் இந்தக் கணக்கு. தனி வேதிப்பொருளுக்கு அருமையான முறை. ஆனால் பெப்டைடுக்கு இத்தனை பங்கு என்று சேர்க்க மூலக்கூறு எடை வேண்டும். நூறு பொருள் கலந்த சாற்றுக்கு எந்த எடையைச் சொல்வது?

இரண்டாவது முறையான கெரட்டினோசென்ஸில் (KeratinoSens) மனிதத் தோல் செல்களே சோதனைக்களம். ஆபத்தை உணர்ந்தால் ஒளிரும்படி ஒரு மரபணுவை அவற்றில் சேர்த்திருக்கிறார்கள். 48 மணி நேரத்தில் ஒளி ஒன்றரை மடங்கு கூடினால் எச்சரிக்கை. மூலக்கூறு எடை தெரியாவிட்டாலும் எடைக் கணக்கில் கரைசல் போடலாம். சாறு என்றால் நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். ஆனால் லைசினோடு மட்டும் வினைபுரிபவை இதில் தப்பிவிடலாம்.

அப்புறம், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் உள்ள லிமோனீன் என்ற மணப்பொருள் காற்றுபட்டுப் பழசானால்தான் வீரியமான அலர்ஜிப் பொருளாகிறது. எந்த முறையானாலும், புதுப் புட்டியை மட்டும் சோதிக்காதீர்கள்.